அண்டியாபீஸ் வேலையைக் கொண்டுபோனது வியட்நாம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குமரி மாவட்ட முந்திரித் தொழில் நசிவது குறித்துச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பூட்டிக் கிடக்கும் ஆலைகளையும் வேலையிழந்த பெண்களையும் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். அந்த வேதனை உண்மை. ஆனால் முழுப் பழியையும் உலகமயத்தின் மீதும் வியட்நாமின் மீதும் போட்டு, இறக்குமதிக்குக் கதவை அடைத்தால் வேலை திரும்பிவிடும் என்று அவர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அருமனைப் பக்கத்து அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) ஒன்றில் அண்டி தல்லியே, அதாவது முந்திரிக்கொட்டை உடைத்தே, எங்களை வளர்த்தவர் என் அம்மா. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கதவடைப்பது என்றால் எந்தக் கதவை? எங்கள் ஆலைகளில் உடைபட்ட கொட்டையில் பெரும்பகுதி எங்கள் மரத்தில் காய்த்ததல்ல. தான்சானியாவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும், பிற்காலத்தில் ஐவரி கோஸ்ட், கினி பிசாவ் நாடுகளிலிருந்தும் கப்பலில் வந்தது. உடைத்து, தோலுரித்து, தரம் பிரித்து டின்னில் அடைத்த பருப்பு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனது. மரமே போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. ஒரு கிலோ பருப்புக்கு நான்கு கிலோவுக்கு மேல் கொட்டை வேண்டும். அந்த அளவு விளைச்சல் நம் நாட்டு ஆலைகளுக்கு என்றைக்கும் போதியதில்லை. உடைக்காத பச்சைக் கொட்டைக்கான இறக்குமதி வரியை 2018 பட்ஜெட்டில் 5 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதமாகக் குறைத்ததே, அந்த வரி நம் ஆலைகளின் கழுத்தையே நெரிக்கிறது என்ற முறையீட்டால்தான்.

அடுத்து, இந்த வேலை எங்களுக்கு எப்படி வந்தது என்பதைக் கட்டுரையாளர் கேட்கவே இல்லை. தொழில் முதலில் வேரூன்றியது கேரளத்துக் கொல்லத்தில். அங்கே பெண்கள் சங்கம் சேர்ந்தார்கள், கொடி பிடித்தார்கள், குறைந்தபட்சக் கூலியை வாங்கினார்கள். கூலி கூடியபோதெல்லாம் முதலாளிகள் மூட்டைகளை லாரியில் ஏற்றி, எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார்கள். 1956 நவம்பர் 1 வரை எங்கள் விளவங்கோடு தாலுகாவும் கொல்லமும் ஒரே ராஜ்ஜியத்து மண்தான். எல்லைக் கோடு விழுந்த பிறகு, அதே மொழி கலந்த ஊர்களில், அதே கொட்டைக்கு, அதே விரலுக்கு இரண்டு விலை வந்தது. கேரள அரசு 1969இல் முந்திரி வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. 1974இல் ஆலைகளைக் கையகப்படுத்தவே சட்டம் போட்டது. அப்போதும் லாரிகள் நிற்கவில்லை. தமிழ்நாடு எங்கள் வேலையைத் தட்டிப் பறிக்கிறது என்று கொல்லத்துப் பெண்கள் சொன்னார்கள். இன்று நாம் வியட்நாமைச் சொல்வதும் அதேதான். இதில் உலகமயம் எங்கே இருக்கிறது? கொல்லத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவே உள்ள சுமார் நூறு கிலோமீட்டரில் நடந்த வேலை இது.

மொசாம்பிக்கையும் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் உலகிலேயே அதிகம் முந்திரி விளைவித்த நாடு அது. 1990களில் உலக வங்கியின் நெருக்குதலால் பச்சைக் கொட்டையின் ஏற்றுமதி வரியை அந்த அரசு குறைத்தது. கொட்டை கப்பலேறி இந்திய ஆலைகளுக்கு வந்தது. அங்கே ஆலைகள் மூடி ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள். வணிகம் எல்லாருக்கும் நல்லது செய்யும் என்று நான் சொல்லவில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன். மொசாம்பிக் தொழிலாளர்களின் வேலை இந்தியாவுக்கு வந்தபோது இங்கே யாரும் உலகமயத்தைத் திட்டியதாக எனக்கு நினைவில்லை. இப்போது ஆப்பிரிக்க நாடுகள் தங்கள் கொட்டையைத் தாங்களே உடைக்க ஆலை கட்டுகின்றன. அதைத் தடுக்க நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

வியட்நாம் 2006இல் பருப்பு ஏற்றுமதியில் இந்தியாவை முந்தியது. நம்மைப்போலவே அவர்களும் ஆப்பிரிக்காவிலும் கம்போடியாவிலும் கொட்டை வாங்குகிறார்கள். ஆனால் உடைப்பதற்கு இயந்திரம் செய்துகொண்டார்கள். கையால் உடைக்கும் வேலை என்னவென்று அருகிலிருந்து பார்த்தவர்கள் அதற்காக அழ மாட்டார்கள். தோட்டிலிருந்து வடியும் எண்ணெய் தோலை அரிக்கும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள்; அப்படியும் விரல்கள் கறுத்து வெந்திருக்கும். அம்மா சோறு பிசைந்து தரும்போது அந்தக் கையைப் பார்க்கச் சிறுவயதில் எனக்கு அழுகை வரும். கூலி நாள்கணக்கில் கிடையாது. முழுப்பருப்பு எத்தனை கிலோ என்ற கணக்குத்தான். நொறுங்கினால் கூலியும் நொறுங்கும். வருகைப் பதிவேட்டில் பாதிப் பேரின் பெயர் இருக்காது. இருபது பேரோ அதற்கு மேலோ கணக்கில் காட்டினால் வருங்கால வைப்புநிதி கட்ட வேண்டியிருக்கும் அல்லவா? என் அம்மாவின் பெயர் பதிவேட்டில் ஏறியது வேலைக்குச் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்துத்தான். இதைச் செய்தது ஹனோய் நகரத்தில் இருந்த யாரோ அல்ல. எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு முதல் நன்கொடை தந்த மனிதர்.

ஏற்றத்தாழ்வு பெருகிவிட்டது என்கிறது கட்டுரை. தேசத்தின் உச்சியில் இருப்பவர்களைப் பார்த்தால் அது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் தெருவில் நடந்தது வேறு. என் சிறுவயதில் முதலாளி வீட்டு முற்றத்தில் உட்காரக்கூட முடியாத குடும்பங்களின் பிள்ளைகள் இன்று துபாயிலும் மஸ்கட்டிலும் வேலை பார்க்கிறார்கள். அண்டி தல்லியவர்களின் பெண்கள் நர்சிங் படித்து வெளிநாடு போயிருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் குமரி மாவட்டத்துக்கு. அந்தப் படிப்புக்குச் சம்பளம் கொடுத்தது உள்ளூர் முதலாளி அல்ல, கடலுக்கு அப்பால் திறந்திருந்த சந்தை. வளைகுடாப் பணத்தில் கட்டிய வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து, உலகத்தோடு ஒட்டுறவே வேண்டாம் என்று எப்படிப் பேசுவது?

இந்தப் பணம் எட்டாத வீடுகளும் உண்டு. வெளிநாடு போக ஆள் இல்லாதவர்கள், கணவனை இழந்தவர்கள், அறுபதைத் தாண்டிய பெண்கள். மூடிய ஆலை அவர்களுக்குப் பணிக்கொடையும் தரவில்லை, ஓய்வூதியமும் தரவில்லை. பணிக்கொடைக்குச் சட்டம் 1972ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பார்? இறக்குமதியை நிறுத்தினால் இவர்கள் கைக்கு ஒரு ரூபாயும் வராது. ஆலை நடந்த காலத்துக் கூலிச் சீட்டு, சக தொழிலாளியின் சாட்சி, எது கிடைத்தாலும் ஏற்றுக்கொண்டு, இவர்களின் பணிக்காலத்தை அரசே கணக்கெடுத்து நிலுவையைப் பெற்றுத் தர வேண்டும். அதைக் கேட்டு ஒரு கட்டுரை எழுதுங்கள்; நானும் தெருத்தெருவாக வந்து பெயர்களைத் திரட்டித் தருகிறேன்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். கொல்லத்திலும் குமரியிலும் அண்டி தல்லும் பெண்ணுக்கு ஒரே குறைந்தபட்சக் கூலி இருந்தால், இன்னும் திறந்திருக்கும் ஆலைகளாவது கூலியைத் தேடி எல்லை தாண்ட வேண்டியிருக்காது. 2019இன் ஊதியச் சட்டத் தொகுப்பு தேசத்துக்கான அடிப்படை ஊதியம் என்று ஒன்றைப் பேசுகிறது. ஆனால் பகுதிக்குப் பகுதி வேறு வேறு தொகை வைக்கவும் அதிலேயே இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடம் அடைபட வேண்டும். இரு மாநிலத் தொழிலாளர் துறை அமைச்சர்களையும் களியக்காவிளையில் ஒரே மேசையில் உட்காரவைத்து இதைக் கேட்க உங்கள் செய்தியாளரால் முடியுமா?

இப்படிக்கு,
அருமனையிலிருந்து ஒரு வாசகி