கொழிஞ்சி விதையும் மானியத்தில் கிடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்வளத்தைப் பெருக்குவதற்காக, வயலில் வளர்த்துப் பசுமையாகவே மண்ணோடு மடக்கி உழும் பசுந்தாள் உரச் செடிகளின் விதைகள் மானியத்தில் வழங்கப்படுவது பாராட்டத்தக்கது. ஆனால் விவசாயிகளின் கைக்கு வந்து சேர்பவை பெரும்பாலும் தக்கைப்பூண்டும் சணப்பும்தான். தரிசு நிலங்களிலும் சாலையோரங்களிலும் தானே முளைத்து ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும் கொழிஞ்சிக்கும் அந்தப் பட்டியலில் உரிய இடம் தர வேண்டும் என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தக்கைப்பூண்டு விரைந்து வளரும், தழையும் மிகுதியாகத் தரும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அது செழிக்க ஈரம் வேண்டும். வேலியில்லாத நிலத்தில் ஆடுமாடுகள் மேய்ந்துவிடாமல் காவலும் வேண்டும். அறுவடை முடிந்ததும் கால்நடைகளை அவிழ்த்துவிடும் ஒருபோக நெல் வயல்களில் இவ்விரண்டுமே அரிது. கொழிஞ்சி மெதுவாகத்தான் வளரும் என்றாலும், மாடுகள் அதை விரும்பி மேய்வதில்லை. ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் மணற்பாங்கான மண்ணிலும் கோடையைத் தாங்கி நிற்கிறது. அவரைக் குடும்பத்தின் மற்ற பல செடிகளைப் போலவே, அதன் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருகிறது. மடக்கி உழும்போது அந்தச் சத்து மண்ணில் சேர்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருமுறை நிலைபெற்று விதை உதிர்த்துவிட்டால், அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே வயலில் தானாக முளைத்து வருகிறது. ஆண்டுதோறும் விதை வாங்க இயலாத சிறு விவசாயிக்கு இதைவிடப் பொருத்தமான பசுந்தாள் உரச் செடி வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

விதைத்தும் முளைக்கவில்லை என்ற குறை கொழிஞ்சியைப் பற்றி உண்டு. அதன் விதையுறை மெழுகுத்தன்மை உடையது, எளிதில் நீர் புகாதது. அப்படியே தூவினால் பெரும்பகுதி உறங்கிக் கிடக்கும். மணலுடன் சேர்த்துத் தேய்த்து உறையைச் சற்றுச் சிராய்க்க வேண்டும், அல்லது கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடங்கள் மட்டும் இட்டு எடுக்க வேண்டும். இந்தக் குறிப்பை விதைப் பையின் மீதே தமிழில் அச்சிட்டுக் கொடுத்தால் பாதிக் குறை தீர்ந்துவிடும்.

விதையைத் தேடியும் தொலைவில் அலைய வேண்டியதில்லை. காய்கள் பழுப்பேறி, வெடித்துச் சிதறுவதற்கு முன் சேகரிப்பதை மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் ஒப்படைத்து, உரிய விலைக்கு வேளாண்மைத் துறையே கொள்முதல் செய்யலாம். பார்வைக்கு அவுரியும் ஓரளவு இதைப் போலவே இருப்பதால், சேகரிப்பவர்களுக்கு ஓர் எளிய சோதனையைச் சொல்லித் தருவது நல்லது: கொழிஞ்சியின் சிற்றிலையை நுனியில் பிடித்து இழுத்தால், அது நேராகக் கிழியாமல் அம்புமுனை வடிவில் பிரியும்.

இவையெல்லாம் நடக்க வேண்டுமானால் செடி விதை முற்றும்வரை நிற்க வேண்டும். சாலையோரங்களையும் வாய்க்கால் கரைகளையும் சுத்தம் செய்யும்போது, பூத்து நிற்கும் கொழிஞ்சியின் மீது களைக்கொல்லி தெளிப்பதை உள்ளாட்சி அமைப்புகள் கைவிட வேண்டும். பாதைக்கு இடையூறாக இருக்கும் இடங்களில் மட்டும் வெட்டிவிட்டு, மற்ற இடங்களில் காய் முற்றிய பிறகு அகற்றினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்