விதை வரும் நாள் முக்கியம்

ஆசிரியருக்கு,

மானிய விலையில் பசுந்தாள் உர விதை வழங்குவது பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். திட்டம் நல்லது; விதை வந்து சேரும் நாள்தான் கோளாறு. பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் தறுவாயில், ஏறக்குறைய 45 நாளில், மண்ணுக்கு உரமாகும்படி மடக்கி உழ வேண்டும். மட்குவதற்கும் சில நாள் விட வேண்டும். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறப்பதை நம்பிக் குறுவை நெல் நடும் எங்களுக்குச் சித்திரை மழையிலேயே விதை கையில் இருக்க வேண்டும்.

சென்ற ஆண்டு எனக்கு விதை கிடைத்தபோது நாற்றங்கால் பச்சை கட்டியிருந்தது, மூட்டை இன்னும் பரணில் கிடக்கிறது (எலிகளுக்கு மட்டும் முழு மானியம்!). ஊருக்கு இரண்டு விவசாயிகளை விதைக்கென்றே தக்கைப்பூண்டு பயிரிடச் செய்து, வேளாண் துறை அதைக் கொள்முதல் செய்து, பங்குனிக்குள் அந்தந்த ஊரிலேயே வழங்கலாம்.

– ஒரு சிறு விவசாயி, மன்னார்குடி வட்டம்