ரன்னிங் டைம்

கண்ணு,

நேற்று பேசிக்கொண்டிருக்கும்போதே ஆபீஸிலிருந்து உனக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். "மாரத்தான் ஓடி முடிக்க வாட்ச் 3:48 மணி நேரங்குது, ஃபார்முலா 3:59:46ங்குது, எதுப்பா சரி?" என்று கேட்டு வைத்துவிட்டாய். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

ஃபார்முலாவை முதலில் பார்ப்போம். பீட்டர் ரீகல் என்ற அமெரிக்க எஞ்சினியர் 1977இல் வெளியிட்டது அது; ஒரு தூரம் ஓடிய நேரத்தை வைத்து வேறு தூரத்துக்கு எவ்வளவு ஆகும் என்று சொல்லும். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் 2.085 மடங்காகும், 1.06 என்கிற அடுக்கைப் போட்டால் அப்படித்தான் வரும். பெங்களூரில் நீ ஓடிய ஹாஃப் மாரத்தான், 21 கிலோமீட்டர், 1:55, அதாவது 115 நிமிடம். பெருக்கினால் நான்கு மணிக்குப் பதினான்கு விநாடி குறைவு. பெருக்கலில் தப்பில்லை, நானும் தாளில் போட்டுப் பார்த்தேன். நான்கு மணிக்குள் என்றதும் உனக்கு ஆசை வந்ததிலும் தப்பில்லை. ஆனால் அந்த 1.06 சாதனை படைத்தவர்களின் நேரங்களிலிருந்து வந்த எண். ரீகலே மூன்றரை நிமிடத்திலிருந்து 230 நிமிடம் வரைக்கும்தான் தன் கணக்குப் பொருந்தும் என்று எல்லை போட்டார். நீ 240ஐக் கேட்கிறாய்.

இதை நான் பஸ் ஸ்டாண்டில் முப்பது வருடம் பார்த்தவன். சேலம் - ஈரோடு வண்டிக்கு ரன்னிங் டைம் எப்படிப் போடுவார்கள் தெரியுமா? விடியற்காலை முதல் நடையைப் பார்த்துப் போடுவார்கள். ரோடு காலி, ஏறுகிற ஆளும் கம்மி. அதே நேரத்தைச் சாயங்கால நடைக்கும் கொடுத்துவிட்டு, லேட் ஏன் என்று டிரைவரிடம் கேட்பார்கள். அவர் என்னிடம் வந்து சண்டை போடுவார். ஹாஃப் உன் முதல் நடை, கண்ணு. சாயங்கால நடை 30 கிலோமீட்டருக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. உடம்பில் சேர்த்து வைத்திருக்கிற சர்க்கரை அங்கேதான் தீர ஆரம்பிக்கும். ஓடுகிறவர்கள் 'வால்' என்பார்கள்; இங்கிலீஷ் வால், சுவர். முதன்முதலில் கேட்டபோது குரங்கு வால் என்று நினைத்தேன், அம்மாவிடம் இன்றுவரை கேலி வாங்குகிறேன்.

சாதாரண ஆட்களை வைத்தும் இதைச் சோதித்திருக்கிறார்கள். 2016இல் ஆண்ட்ரூ விக்கர்ஸ் என்பவரும் கூட இன்னொருவரும் 2,000 பேருக்கு மேல் விவரம் வாங்கிப் பார்த்தார்கள். ஹாஃப் வரைக்கும் ரீகல் கணக்கு நன்றாகவே பொருந்தியது. ஃபுல் மாரத்தானில் பாதிப் பேருக்கு 10 நிமிடமோ அதற்கு மேலோ குறைத்துச் சொன்னது. வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறாய் என்பதையும் சேர்த்தால்தான் கணிப்பு ஒழுங்காக வருகிறது என்றார்கள். நீ வாரத்துக்கு 40. இதுவரை ஓடிய மிக நீண்ட ஓட்டம் 26. இது ரீகலுக்கு எப்படித் தெரியும்?

வாட்ச் விஷயம் வேறு. அது உன் வேகத்தையும் நாடித்துடிப்பையும் வைத்து, எவ்வளவு ஆக்சிஜன் உன்னால் இழுக்க முடியும் என்று ஊகிக்கிறது. மணிக்கட்டில் ஒளியை விட்டுத் துடிப்பை எண்ணுகிற கருவி சிலசமயம் காலடியை எண்ணித் தொலைக்கும். பட்டையை இறுக்கிக் கட்டு. அப்புறம், அது பார்த்ததெல்லாம் பெங்களூர்க் காலை. நீ ஓடப்போவது சென்னையில். ஜனவரியிலும் அங்கே விடியற்காலை பெரும்பாலும் 20 டிகிரிக்கு மேல்தான், அதோடு கடல் ஈரம். வியர்வை காயாது, உடம்பு குளிராது, அதே வேகத்துக்குத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும்.

என் கதை உனக்குத் தெரியும், ஆனால் எண்களைச் சொன்னதில்லை. சர்க்கரை வியாதிக்காக நடக்க ஆரம்பித்து, ஓடி, 2:10இல் ஹாஃப் முடித்தேன். ஃபுல்லுக்கு ஃபார்முலா 4:31 என்றது. அதை நம்பி அந்த வேகத்திலேயே கிளம்பினேன். 32ஆவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நடந்து, நின்று, ஒரு பெட்டிக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, 5:02. திருப்பிக் கணக்குப் போட்டால் என் அடுக்கு 1.22 வருகிறது. நல்லவேளை, அன்றைக்கு நீ ஊரில் இல்லை.

உனக்கு அவ்வளவு மோசமாகாது, வயது இருக்கிறது. 1.15 போட்டுப் பார்த்தேன், 4:15 வந்தது. கிலோமீட்டருக்கு 6:03 நிமிடம். நான்கு மணி வேண்டுமென்றால் 5:41இல் ஓட வேண்டும். இருபத்திரண்டு விநாடி வித்தியாசம். முதல் பத்துக் கிலோமீட்டரில் அது உனக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், அங்கேதான் எனக்குப் பயம். 6:03இலேயே போ. 30 தாண்டி உடம்பு கேட்டால் விரட்டு, நான் ஏன் என்று கேட்கமாட்டேன்.

நானும் அம்மாவும் முந்தின நாளே வந்துவிடுவோம். அம்மா ராத்திரிக்கு இட்லி போதும் என்கிறாள், நீ என்ன சொல்கிறாய் என்று எழுது. ஓட்டத்தன்று 30ஆவது கிலோமீட்டரில் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரோடு நிற்பேன், கையில் பழைய டைரியும் இருக்கும். கிளம்பியதிலிருந்து 3 மணி ஒன்றரை நிமிடம், அதுதான் நீ அங்கே வர வேண்டிய நேரம். 2:50க்கே தலை தெரிந்தால் தண்ணீர் கொடுப்பேன், பேசமாட்டேன். நேரத்துக்கு முந்தி வருகிற வண்டியையும் நாங்கள் எழுதி வைப்போம்.

அப்பா