ரேடியேட்டர் விசிறிக்கான கைமுறை சுவிட்ச் தொகுப்பின் வயரிங் படத்தில் உள்ள அபாயகரமான பிழை குறித்த புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர் அவர்கள்,
வாகன மின்சாதனப் பிரிவு.

பொருள்: கைமுறை சுவிட்ச் தொகுப்பு, விசிறியின் தானியங்கி இயக்கத்தைத் துண்டித்துவிடுவது – வயரிங் படத்தைத் திருத்தவும், ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத் தெரிவிக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ரேடியேட்டர் விசிறிகளை ஓட்டுநர் தேவைப்படும்போது தாமே இயக்கிக்கொள்வதற்காகத் தங்கள் நிறுவனம் விற்கும் சுவிட்ச் தொகுப்பை வாங்கி, அதனுடன் வந்த வயரிங் படத்தில் உள்ளபடியே, அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு என் வாகனத்தில் பொருத்தினேன். படத்தில் காட்டியதற்கு மாறாக ஒரு வயர்கூட இணைக்கப்படவில்லை. அப்படிப் பொருத்தியதாலேயே வாகனத்தில் முதலிலிருந்தே இருந்த தானியங்கிப் பாதுகாப்பு இல்லாமல் போய், இன்ஜின் அளவு மீறிச் சூடானது. இதைத் தங்கள் சேவைப் பிரிவுக்குத் தெரிவித்தபோது, சுவிட்சை ஓட்டுநர் தவறான நிலையில் வைத்திருந்ததே காரணம் என்று பதில் வந்தது. காரணம் அதுவன்று, தங்கள் படமே என்பதை விளக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் வாகனத்தின் பழைய அமைப்பு எளிமையானது. ரேடியேட்டரில் ஒரு வெப்ப சுவிட்ச் இருக்கிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் வெப்பம் குறிப்பிட்ட அளவை, அதாவது இவ்வகை வாகனங்களில் பெரும்பாலும் 90-க்கும் 100 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட ஓர் அளவை எட்டியதும், அந்தச் சுவிட்ச் மூடிக்கொண்டு சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தை இயக்கும் ரிலேவின் காயிலில் உள்ள 85-ஆம் முனையை எர்த்துடன் (வாகனத்தின் உலோக உடலுடன்) இணைக்கிறது. 86-ஆம் முனைக்கு இக்னிஷன் வழியாக ஏற்கெனவே மின்சாரம் வந்துகொண்டிருப்பதால், எர்த் கிடைத்த உடனே ரிலே இழுத்துக்கொள்ள, பேட்டரியிலிருந்து 30-ஆம் முனைக்கு வரும் மின்சாரம் 87-ஆம் முனை வழியாக விசிறிகளுக்குச் செல்கிறது. ஓட்டுநர் நினைவில் வைத்துக்கொள்ள இதில் எதுவும் இல்லை.

தங்கள் படம் என்ன செய்யச் சொல்கிறது என்று பாருங்கள். 85-ஆம் முனைக்கும் வெப்ப சுவிட்சுக்கும் இடையில் உள்ள வயரை வெட்டி, ரிலேவின் பக்கம் உள்ள முனையைத் தங்கள் மூன்று நிலை சுவிட்சின் நடு டெர்மினலுக்கும், வெப்ப சுவிட்சின் பக்கம் உள்ள முனையை 'ஆட்டோ' என்று குறித்த டெர்மினலுக்கும் கொண்டுவரச் சொல்கிறது. மூன்றாவது டெர்மினல் எர்த்துக்குப் போகிறது. சுவிட்சை நடுவில் வைத்தால் 85-ஆம் முனை எதனுடனும் சேராமல் நிற்கும். அப்போது கூலண்ட் எவ்வளவு கொதித்தாலும், வெப்ப சுவிட்ச் தன் வேலையைச் சரியாகச் செய்தாலும், விசிறி சுழலாது. நடு நிலையில் வைக்காவிட்டாலும் ஆபத்து நீங்கிவிடவில்லை. டேஷ்போர்டில் உள்ள அந்தச் சிறிய சுவிட்சின் 'ஆட்டோ' பக்கத் தொடர்பில் தூசி படிந்தாலோ, பின்னால் செருகிய ஒரு டெர்மினல் அதிர்வில் கழன்றாலோ விளைவு அதேதான். எந்தக் கூடுதல் பாதுகாப்புக்காக இதை வாங்கினேனோ, அதுவே இருந்த பாதுகாப்பை ஒரு பிளாஸ்டிக் சுவிட்சின் நம்பகத்தன்மையில் தொங்கவிட்டிருக்கிறது.

எனக்கு நேர்ந்ததும் இதுவே. சுமையுடன் மெதுவாக ஏற்றம் ஏறிக்கொண்டிருந்தபோது வெப்பமானியின் முள் வழக்கமான இடத்தைக் கடந்து மேலே போனது. டேஷ்போர்டின் கீழ்ப்பகுதியில், படத்தில் குறித்துள்ள அதே இடத்தில் இருந்த சுவிட்ச், முழங்கால் பட்டோ வேறு எதனாலோ நடு நிலைக்கு வந்திருந்தது. சுவிட்சைத் தள்ளியதும் விசிறிகள் ஓடின. வாகனத்தை ஓரங்கட்டி இன்ஜினை அணைப்பதற்குள் கூலண்ட் மேல்தொட்டியின் மூடி வழியாகப் பீறிட்டுவிட்டது. சிலிண்டர் ஹெட் வளையாமலும் கேஸ்கெட் போகாமலும் தப்பியது சூழ்நிலையால்தானே தவிர, தங்கள் தொகுப்பின் எந்த ஏற்பாட்டாலும் அன்று.

தங்கள் கையேட்டின் முதல் பக்கத்தில், 'சுவிட்சை நீங்கள் மறந்தாலும் தானியங்கி அமைப்பு எப்போதும் போல் வேலை செய்யும்' என்று அச்சிடப்பட்டிருக்கிறது. இதே கையேட்டின் படம் அதைப் பொய்யாக்குகிறது. இரண்டையும் ஒரே பொறியாளர் ஒருசேரப் பார்த்திருந்தால் இது அச்சுக்குப் போயிருக்காது என்றே நம்புகிறேன்.

நடு நிலை, வாகனம் நீரைக் கடக்கும்போது விசிறியை நிறுத்துவதற்காக வைக்கப்பட்டது என்றும் தங்கள் பதிலில் இருந்தது. அத்தேவை உண்மையானதே, அதை நான் மறுக்கவில்லை. சுழலும் இதழ்கள் நீரில் பட்டால் முன்பக்கமாக வளைந்து ரேடியேட்டரைக் கிழித்துவிடக்கூடும். ஆனால், எப்போதோ ஒருமுறை சில நிமிடங்களுக்குத் தேவைப்படும் ஒரு நிறுத்தத்தை, அன்றாடம் கை படும் சுவிட்சின் நடுவில், எந்த எச்சரிக்கை விளக்கும் இல்லாமல் வைப்பது எப்படிச் சரியாகும்? அதற்குக் கையை எடுத்தவுடன் தானே பழைய நிலைக்குத் திரும்பும் தனி பொத்தான் போதும். அல்லது மூடியிட்ட தனிச் சுவிட்சும், அது துண்டிப்பில் இருக்கும் வரை எரியும் சிவப்பு விளக்கும் வேண்டும். இவை எதுவும் தொகுப்பில் இல்லை. கையேட்டில் நீரைக் கடப்பது பற்றி ஒரு சொல்கூட இல்லை.

சரியான இணைப்பு இதைவிடக் குறைந்த வேலையைக் கேட்பது. எந்த வயரையும் வெட்ட வேண்டியதில்லை. 85-ஆம் முனையிலிருந்து ஒரு கிளை வயரை எடுத்து, சாதாரண இரண்டு நிலை சுவிட்ச் வழியாக எர்த்தில் சேர்த்தால் போதும். வெப்ப சுவிட்சும் ஓட்டுநரின் சுவிட்சும் அப்போது பக்க இணைப்பில் இருக்கும். இரண்டில் எது மூடினாலும் விசிறி ஓடும். ஓட்டுநரின் சுவிட்ச் உடைந்தாலும், வயர் அறுந்தாலும் வெப்ப சுவிட்ச் தன் வேலையைத் தொடரும். மாறாக அந்தச் சுவிட்ச் மூடிய நிலையிலேயே சிக்கிக்கொண்டால், சாவி போட்டிருக்கும் வரை விசிறி ஓடிக்கொண்டிருக்கும். இன்ஜினுக்குக் கேடு எதுவும் வராது. பழுதடைந்தால் எந்தப் பக்கம் பழுதடைய வேண்டும் என்று சிந்தித்து வடிவமைப்பதைத்தான் ஒரு பாதுகாப்புச் சாதனத்தின் தயாரிப்பாளரிடம் நான் எதிர்பார்க்கிறேன். என் எலக்ட்ரீஷியன் இப்போது இவ்வாறே மாற்றிக் கொடுத்திருக்கிறார். அமைப்பு சரியாக இயங்குகிறது.

அந்த மாற்றத்தைச் செய்யும்போதுதான் இரண்டாவது குறை தெரிந்தது. ஃபியூஸ் ஹோல்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. அதை ஒட்டிய வயரின் உறை இளகியிருந்தது. தொகுப்பில் வந்த முதன்மை வயர் 1.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்பு கொண்டது. அதற்குக் கொடுக்கப்பட்ட ஃபியூஸோ 30 ஆம்பியர். என் வாகனத்தின் இரு விசிறிகளும் சேர்ந்து ஓடும்போது கிளாம்ப் மீட்டர் 24 ஆம்பியர் காட்டியது. விசிறி சுழலத் தொடங்கும் நொடியில் இழுப்பது இதைப்போல் சில மடங்கு. ஃபியூஸ் வயரைக் காக்க வேண்டியது. இங்கே ஃபியூஸ் உருகுவதற்கு முன் வயர் உருகும். இன்ஜின் அறையின் வெப்பத்தையும் கணக்கில் எடுத்தால், 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்த வயரை இந்தச் சுமைக்குக் கொடுத்திருக்கவே கூடாது. அதோடு, தங்கள் படம் ஃபியூஸைப் பேட்டரிக்கு அருகில் வைக்காமல் ரிலேவுக்கு அருகில் வைக்கிறது. பேட்டரியிலிருந்து அதுவரை வரும் வயர் எங்காவது உரசி வாகனத்தின் உலோக உடலில் பட்டால், தடுக்க எதுவும் இல்லை. தீப்பிடிக்க அது போதும்.

சுவிட்சில் உள்ள விளக்கும் நம்பத்தக்கதாக இல்லை. சுவிட்ச் தள்ளப்பட்டிருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. ஃபியூஸ் போயிருந்தாலும் அது எரியும். அந்த விளக்குக்கான இணைப்பை ரிலேவின் 87-ஆம் முனையிலிருந்து எடுத்திருந்தால், விசிறிக்கு உண்மையிலேயே மின்சாரம் போகிறதா என்பது தெரிந்திருக்கும். வெப்ப சுவிட்ச் தானாக விசிறியை இயக்குவதும் கண்ணில் படும்.

உறையின் மேல் 'அனைத்து வாகனங்களுக்கும் ஏற்றது' என்று இருப்பதையும் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. இன்ஜின் கணினியே ரிலேவை இயக்கும் வாகனங்களும், விசிறியின் வேகத்தைக் கட்டுப்பாட்டு மாட்யூல் படிப்படியாக மாற்றும் வாகனங்களும் இன்று ஏராளம். அவற்றில் ஒரு வயரை வெட்டினால் பழுதுக் குறியீடு பதிவாகலாம். கணினியின் எர்த் வெளியீட்டில் யாராவது தவறுதலாகப் பேட்டரியின் நேர் முனையைக் கொடுத்துவிட்டால் அந்த வெளியீடே எரிந்துபோகலாம். வெப்ப சுவிட்ச் உள்ள வாகனங்களுக்கு மட்டும் என்று எழுதுவதற்கு ஒரு வரி போதுமானது.

ஆகவே, இந்த வயரிங் படத்தை உடனே திரும்பப் பெற்று, பக்க இணைப்பைக் காட்டும் திருத்திய படத்தை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது, ஏற்கெனவே இத்தொகுப்பை வாங்கியவர்களுக்குத் தாங்களே முன்வந்து அறிவிப்பது. அவர்களில் பலர், நடு நிலை இன்ஜினை எப்படிப் பாதுகாப்பின்றி விடுகிறது என்பதை அறியாமலே வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் எனக்கும் உரிய தடிமனுள்ள வயரும் பேட்டரியை ஒட்டிப் பொருத்தத்தக்க ஃபியூஸ் ஹோல்டரும் மாற்றாக அனுப்பப்பட வேண்டும். தொகுப்பின் விலையையும், கூலண்ட் மாற்றி, பிரஷர் சோதனை செய்து, வயரிங்கைத் திருத்துவதற்கு ஆன செலவையும் எனக்குத் திருப்பித் தரக் கோருகிறேன். அவற்றுக்கான ரசீதுகளின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

கழற்றிய மூன்று நிலை சுவிட்ச், உறை இளகிய வயர், பழுப்பேறிய ஃபியூஸ் ஹோல்டர், தங்கள் படத்தின் மூலப் பிரதி ஆகியவற்றை எந்த மாற்றமும் செய்யாமல் என்னிடம் வைத்திருக்கிறேன். தங்கள் பொறியாளர் பார்வையிட விரும்பினால் நேரில் காட்டத் தயாராக உள்ளேன். சேவைப் பிரிவின் வழக்கமான வாசகத்தை மீண்டும் அனுப்பாமல், படத்தை வரைந்த பிரிவினரிடமிருந்தே எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். உரிய காலத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுவேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீதுகளின் நகல்கள், வயரிங் படத்தின் நகல், பாதிக்கப்பட்ட பாகங்களின் புகைப்படங்கள்.