சரிகம தெரிந்தவருக்குச் சோல்ஃபா பாதி தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனைக்கான ஒத்திகைகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி ஒலிப்பதிவு கைபேசியிலேயே வந்துவிடுகிற இக்காலத்தில் பாடகர்கள் இசைக்குறியீட்டைப் படிக்கத் தேவையில்லை என்றும், அது நம்மவர்க்கு ஒட்டாத அந்நிய எழுத்து என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. பாளையங்கோட்டையில் 30 ஆண்டுகளுக்கு மேலாக ஆலயப் பாடகர் குழுவில் பேஸ் என்னும் ஆண்களின் தாழ்ந்த குரலில் பாடியும், பிற்பாடு பயிற்சி கொடுத்தும் வருகிறவன் என்ற முறையில் இவ்விரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை.

சிறுவயதில் சரளி வரிசை பாடிய எவருக்கும், டோ, ரே, மீ என்ற சுரப்பெயர்களின் முதலெழுத்துகளால் இசையை எழுதும் டானிக் சோல்ஃபா முறையின் அடிப்படை ஏற்கெனவே தெரியும். ச எந்தச் சுருதியிலும் நிற்கலாம், மற்ற சுரங்கள் அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதே கணக்கு என்பதை நாம் கேள்வியின்றி ஏற்றிருக்கிறோம். இங்கிலாந்தின் நார்விச் நகரில் சாரா கிளவர் என்ற ஆசிரியை உருவாக்க, ஜான் கர்வன் என்ற போதகர் 19ஆம் நூற்றாண்டில் திருத்திப் பரப்பிய சோல்ஃபாவும் இதே கணக்கில்தான் இயங்குகிறது. சோ, சி ஆகிய இரண்டும் ஒரே ஆங்கில எழுத்தில் தொடங்குவதால் சுருக்கி எழுதும்போது குழப்பம் வருமென்று சி என்பதை அவர்கள் டீ ஆக்க வேண்டியிருந்தது. நம் ஏழு சுரங்களுக்கு அந்தச் சிக்கலே எழவில்லை என்பதையும் இடையில் சொல்லிக்கொள்ளலாம். தாளத்தைக் காட்டும் வழியும் எளிதுதான்: இரு தட்டுகளுக்கு நடுவே முக்காற்புள்ளி, தட்டைப் பாதியாக்க ஒரு புள்ளி, முந்தைய சுரம் நீள்கிறது என்பதற்கு ஒரு சிறு கோடு.

மேற்கத்திய இசையில் மேஜர் என்னும் வகை மெட்டுகளின் சுரங்கள் நம் சங்கராபரண ராகத்தின் சுரங்களே என்று சொல்லித் தொடங்கினால் புதிய பாடகர்களின் அச்சம் பாதி தணிந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். ஆனால் இந்த ஒப்புமையை எல்லை தாண்டி இழுக்கவும் கூடாது. மைனர் என்னும் மற்றொரு வகை மெட்டு நடபைரவி ராகத்தைப் போல ஒலித்தாலும், நாம் ச என்று நிற்கிற இடத்தைச் சோல்ஃபா லா என்றே அழைக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நன்றாகப் பாட்டுக் கற்றவரே முதலில் தடுமாறுவார். மேலும், கமகத்துக்குப் பழகிய குரல் நான்கு குரல்கள் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் சுரத்தை அசைத்தால் ஒத்திசைவே கலங்கிவிடும்.

ஐந்து கோடுகளின்மேல் சுரங்களைக் குறிக்கும் மேற்கத்திய இசை எழுத்துக்கும் இந்த அறிவே படிக்கட்டாகும். வரியின் தொடக்கத்தில், சுரத்தை அரைச்சுரம் உயர்த்தும் ஷார்ப் குறிகள் இருந்தால் அவற்றுள் கடைசியாக நிற்பது நி, அதற்கு அடுத்த அரைச்சுரம் ச. அரைச்சுரம் தாழ்த்தும் ஃபிளாட் குறிகள் இருந்தால் கடைசியாக நிற்பது ம. மேஜர் மெட்டுகளுக்குப் பொருந்தும் இந்த ஒரு சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டவர் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ச எங்கே என்று சொல்லிவிடுவார். பாடல் தாளத்தின் முதல் தட்டுக்கு முன்பே தொடங்குவதும் நமக்குப் புதிதன்று, அதீத எடுப்பு என்று நம் பாடகர்கள் சொல்வதுதான் அது.

குறியீடு தமிழ்ப் பாடலுக்கு எவ்வளவு அவசியம் என்பது வளைகோடுகளில்தான் விளங்கும். பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும் வளைகோடு, ஒரே சுரத்தின் இரு குறிகளை இணைத்தால் இரண்டாவதைத் தனியே உச்சரிக்காமல் நீட்ட வேண்டும் என்றும், வெவ்வேறு சுரங்களை இணைத்தால் அவற்றை விட்டுவிடாமல் தொடுத்துப் பாட வேண்டும் என்றும் பொருள்படும். வேற்றுமொழிப் பாடலின் மெட்டில் தமிழ்ச் சொற்களை அமைக்கும்போது நீண்ட சுரத்தின்மேல் குறில் வந்து விழுந்தால் மலை மாலையாகிவிடும், விடு வீடாகிவிடும். அன்பு என்ற சொல்லாக இருந்தால் ன் என்ற மெய்யில் நீட்டித் தப்பித்துக்கொள்ளலாம், விடு என்பதில் அதற்கும் வழியில்லை. அங்கே இரண்டு தட்டுச் சுரத்தை ஒவ்வொரு தட்டாகப் பிரித்து, அடுத்த அசையை முன்னே இழுத்துக்கொள்வதே முறை. குறியீடு கையில் இருந்தால் பயிற்றுநர் பென்சிலால் ஒரு கோடு போட்டு இதைக் காட்டிவிடுவார். ஒலிப்பதிவை மட்டும் கேட்டுக் கற்றவர்களோ, பதிவில் பாடியவர் செய்த பிழையையும் சேர்த்தே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள், பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு.

ஒத்திகை நடக்கும் விதத்தையும் கருத வேண்டும். பன்னிரண்டாம் பாரின் (செங்குத்துக் கோடுகளால் பிரிக்கப்பட்ட தாளப் பகுதியின்) மூன்றாம் தட்டிலிருந்து ஆல்ட்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல், மட்டும் பாடுங்கள் என்று சொன்னால், பக்கத்தைப் பார்த்துப் பாடுகிறவர் உடனே தொடங்குவார். காதால் மட்டும் கற்றவர் முதலடியிலிருந்து மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துத்தான் அந்த இடத்துக்கு வந்து சேர வேண்டும்.

இத்தாலியச் சொற்கள் மிகச் சிலவே என்பதால் அவற்றை ஒரு மாலையில் கற்றுவிடலாம். எஃப் என்ற எழுத்தைக் கண்டதும் வேகமாகப் பாட வேண்டும் என்று எண்ணி ஓடுகிறவர்களை நான் ஆண்டுதோறும் சந்திக்கிறேன். அது ஃபோர்ட்டே, அதாவது உரக்க. வேகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதைப் போலவே பி என்பது பியானோ, மென்மையாக என்று பொருள். மென்மையாகப் பாடச் சொன்னால் நம் குழுக்களில் காலம் தளர்ந்து சுருதியும் இறங்கிவிடுகிறது என்பது தனியே எழுத வேண்டிய துன்பம்.

ஆகவே, கேரல் ஆராதனைக்குப் பாடல் தாள் அச்சிடும் திருச்சபைகள் வெறும் சொற்களோடு நிறுத்திக்கொள்ளாமல், பாடகர் குழுவுக்கான பிரதிகளிலாவது சோல்ஃபா வரியையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அக்டோபர் மாதமே தாள் கைக்கு வந்துவிட்டால் டிசம்பர் வரை பழகுவதற்குப் போதிய அவகாசம் இருக்கும்.

கட்டுரையில் ஒரு சிறு திருத்தமும் தேவைப்படுகிறது. ஆண்களின் உயர்ந்த குரலான டெனருக்கும், பெண்களின் உயர்ந்த குரலான சொப்ரானோவுக்குரிய டிரெபிள் கிளெஃப் என்னும் வரித்தொடக்கக் குறியே தரப்படுவதால் இரு குரல்களும் ஒரே சுரத்தைப் பாடுகின்றன என்று அச்சாகியிருந்தது. டெனருக்குரிய அந்தக் குறியின் அடியில் 8 என்ற சிறிய எண் நிற்பதைக் காணலாம். எழுதியிருப்பதற்கு ஒரு ஸ்தாயி கீழே பாட வேண்டும் என்பதே அதன் பொருள்.

இப்படிக்கு,
ஆலயப் பாடகர் குழுப் பயிற்றுநர் ஒருவர்,
பாளையங்கோட்டை.