குடகில் இருக்கும் மகளுக்கு

காட்டுமன்னார்கோவில்,
ஆனி 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீ அனுப்பிய காபித்தூள் பார்சல் வந்து சேர்ந்தது. கத்தரியால் ஓரத்தை வெட்டினதுமே வாசனை கூடத்தைத் தாண்டித் திண்ணைக்கு வந்துவிட்டது. மறுநாள் காலையில் அம்மா டிக்காஷன் இறக்கி, முதல் டம்ளரை சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் எனக்குக் கொடுத்தாள்.

போனில் நீ சொன்னதே மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. "சாயங்காலம் ஆறு மணி ஆனா மனுஷ முகமே கண்ணுல படமாட்டேங்குதுப்பா" என்றாய். குரல் கம்மியிருந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

குடகு மாவட்டம் 4,102 சதுர கிலோமீட்டர். நம் கடலூர் மாவட்டம் அதைவிடச் சிறியது. ஆனால் 2011 கணக்கெடுப்பில் அங்கே 5,54,519 பேர், இங்கே 26 லட்சத்துக்கும் மேல். நாம் ஐந்து பேர் நெருக்கியடித்து உட்காரும் இடத்தில் அங்கே ஒருத்தர். அவர்களிலும் நூற்றுக்கு 85 பேர் கிராமத்தில். கிராமம் என்றால் நம்ம ஊர் மாதிரி தெருவும் எதிர்வீடும் கிடையாது. மலைச்சரிவில் பெரிய மரங்கள், அதன் நிழலில் காபிச்செடி, அதே மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, நடுவே ஒரு வீடு. அடுத்த வீட்டுக்கு ஒரு மேடு ஏறி இறங்க வேண்டும். ஆள் இல்லாமல் இல்லை பாப்பா, மரம் மறைக்கிறது. உன் பேங்க் கவுண்டருக்கு வருகிறவர்களைப் பார். கொடவா, கன்னடம், மலையாளம், துளு என்று ஒவ்வொருத்தர் வாயிலும் ஒரு பாஷை. கார்த்திகை பிறந்து பழம் பறிக்க ஆரம்பித்தால் வெளியூர் ஆட்களும் வந்துவிடுவார்கள். எஸ்டேட் லைன் வீடுகளில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. நீயாகப் போய்ப் பேசு.

உனக்குத்தான் அது புது ஊர். வீராணம் ஏரியில் லஸ்கராக இருந்து ஷட்டர் ஏற்றி இறக்கின எனக்கு அது பழகின பெயர். ஆனி பிறந்தால் கரைக்கு வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "குடகுல மழை பிடிச்சிருச்சா?" அங்கே பிரம்மகிரி மலையில் விழுகிற மழை காவிரியாகி, கிருஷ்ணராஜசாகர், மேட்டூர் தாண்டி, முக்கொம்பில் கொள்ளிடத்துக்குப் பிரிந்து, கீழணையிலிருந்து வடவாறு வழியாக நம்ம ஏரிக்கு வருகிறது. 47.5 அடி நிரம்பினால் நம் நடவுக்கும் ஆச்சு, சென்னைக்காரர்கள் குடிக்கவும் ஆச்சு. புதுத்தண்ணீர் வரும் அன்றைக்கு வடவாறு செம்மண் கரைத்த மாதிரி, நுரையையும் சருகையும் தள்ளிக்கொண்டு வரும். ஒரு கை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

2018 ஆகஸ்டில் கொள்ளிடம் கரை முட்டி ஓடியது. தண்ணீரைப் பார்த்த சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால், குடகில் மலை சரிந்து வீடுகள் மண்ணுக்குள் போய்க் கிடந்தன. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ இருக்கும் வீடும் சரிவில்தானே இருக்கிறது? கொல்லைப்பக்க மண்ணில் புதிதாக நீர் கசிந்தாலோ, தரையில் வெடிப்பு கண்டாலோ, மரம் சாய்கிற மாதிரி தெரிந்தாலோ சாமானைப் பார்க்காதே. உடனே கிளம்பி பேங்க் பக்கம் போய்விடு. வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போ.

இப்போது ஏரியில் தண்ணீர் அடியில் கிடக்கிறது. அங்கே மழை பிடித்ததும் போன் போடு, நடுராத்திரி ஆனாலும் எடுப்பேன். அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள். இந்த வாரம் பார்சலில் வரும்.

அன்புடன்,
அப்பா