சூரி அண்ணனுக்கு, வில்லாபுரத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதுவது

அன்புள்ள சூரி அண்ணே,

வணக்கம். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கொட்டுக்காளி மாதிரி இன்னொரு படம் நடியுங்கள். நடித்ததோடு விடாமல் அதைத் தியேட்டருக்கும் கொண்டுவாருங்கள். மதுரையில் இரண்டு வாரமாவது அது ஓடுவதற்கு உங்களால் ஆனதைச் செய்யுங்கள்.

இதை டைரக்டருக்கோ தயாரிப்பாளருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் கூழாங்கல். பி.எஸ். வினோத்ராஜ் எடுத்த முதல் படம். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியில் எடுத்தார்கள். 2021-ல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது, இந்தியாவின் சார்பாக ஆஸ்கர் போட்டிக்கும் போனது. ஆனால் நம்ம ஊர்த் தியேட்டருக்கு வரவில்லை. 2023 அக்டோபரில் நேராக ஓடிடியில் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்விடுகிற ஊரை நான் செல்போனில் பார்த்தேன். குடிகார அப்பனும் பள்ளிக்கூடத்துப் பையனும் உச்சி வெயிலில் நடக்கிற படம் அது. அந்த வெயில்தான் படமே. உள்ளங்கை அகலத் திரையில் எங்கிருந்து தெரியும்? கடைசியில் ஊற்றுக்குழியில் உட்கார்ந்து ஒரு பெண் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மொள்ளுவாள். அந்த நேரத்தில் என் போனுக்கு யாரோ காலை வணக்கப் படம் அனுப்பினார்கள். காட்சி போயிற்று.

அதே வினோத்ராஜின் அடுத்த படமான கொட்டுக்காளி 2024 ஆகஸ்ட் 23 அன்று மதுரைத் தியேட்டர்களில் வந்ததென்றால், போஸ்டரில் உங்கள் முகம் இருந்ததுதான் முக்கியமான காரணம். சிவகார்த்திகேயன் துணிந்து தயாரித்தார், அதற்கு அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் தெருவில் "சூரி படம் வந்திருக்கு" என்றுதான் பேசிக்கொண்டார்கள். பெர்லின் திரைப்பட விழாவில் திரையிட்ட படம் என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை. உங்கள் பேரை நம்பித்தான் ஜனம் வந்தது. அதனால்தான் கடிதம் உங்களுக்கு வருகிறது.

அன்றைக்கு என் பக்கத்தில் அம்மாவும் சித்தியும் இருந்தார்கள். முன் வரிசையில் கல்லூரிப் பையன்கள். பத்து நிமிஷம் ஆகியும் பாட்டு இல்லை, பின்னணி இசை இல்லை என்றதும் அவர்கள் சத்தம் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆட்டோ ஓடுகிற சத்தம், சேவல், காற்று, வண்டுகள், நடுவில் நம்ம ஊர்ப் பேச்சு. இவ்வளவுதான் படத்தில் கேட்கிறது. நீங்கள் பாண்டியாக, தொண்டை கட்டிப்போய்க் கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, கரகரத்த குரலில் பேசுகிறீர்கள். மீனாவாக வரும் அன்னா பென் மொத்தப் படத்திலும் ஒரு தடவைதான் வாய் திறக்கிறார். முறைமாமனைக் கட்ட மாட்டேன் என்கிறவளுக்குப் பேய் பிடித்துவிட்டதாகச் சொல்லி, குடும்பமே ஆட்டோவில் அடைத்துச் சாமியாடியிடம் கொண்டுபோகிறது. கதை அவ்வளவுதான்.

பிறகு அந்த இடம் வந்தது. எங்கேயோ ஒலிபெருக்கியில் ஓடுகிற பாட்டை மீனா மெல்ல முணுமுணுக்கிறாள். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் வெறி வந்து எல்லாரையும் போட்டு அடிக்கிறீர்கள். தடுக்க வந்தவர்களுக்கும் அடி. அதுவரை கத்திக்கொண்டிருந்த பையன்கள் கப்சிப். தியேட்டரில் மூச்சுவிடுகிற சத்தம்கூட இல்லை. என் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க சின்னம்மாவையும் இப்படித்தான்டி கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போனாங்க" என்றார். அப்படி ஒரு சின்னம்மா இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வீட்டில் டிவியில் ஓடியிருந்தால் சித்தி அந்த நேரம் அடுப்படியில் இருந்திருப்பார், அந்தப் பேச்சும் வந்திருக்காது.

இதைத்தான் உங்களிடம் அழுத்திச் சொல்ல நினைத்தேன் அண்ணே. இப்போது எல்லாரும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பெரிய ஹீரோ, சண்டை, கிராஃபிக்ஸ் என்றால் தியேட்டர். குடும்பம், கிராமம், சத்தமில்லாத படம் என்றால், "நாலு வாரத்துல ஓடிடில வந்துரும், வீட்லயே பாத்துக்கலாம்." எனக்கு இந்தக் கணக்கு தலைகீழாகப் படுகிறது. சண்டைப் படத்தை எங்கே போட்டாலும் அது நம்மைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிடும். நடுவில் எழுந்துபோய்ப் பால் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாலும் அடி எங்கே விழுந்தது என்று புரியும். சத்தம் குறைந்த படத்துக்குத்தான் இருட்டு வேண்டும், பூட்டிய கதவு வேண்டும், பக்கத்தில் இன்னும் நூறு பேர் வேண்டும். கொட்டுக்காளியின் முடிவில் சாமியாடி இன்னொரு பெண்ணிடம் நடந்துகொள்கிற விதத்தைப் பாண்டி நின்று பார்க்கிறான். உங்கள் முகம் மட்டும் மாறிக்கொண்டே வருகிறது, வசனம் கிடையாது. என்ன செய்யப்போகிறான் என்றும் சொல்லாமல் படம் முடிந்துவிடுகிறது. அந்த முகத்தைப் பெரிய திரையில் பார்த்தவர்களுக்கும் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்தவர்களுக்கும் ஒரே படம் கிடைத்திருக்காது.

நான் பார்த்த தியேட்டரில் அடுத்த வாரம் அந்தப் படம் இல்லை. சொல்லிக் கூட்டிப்போக ஆள் சேர்த்து வைத்திருந்தேன், போஸ்டரையே மாற்றிவிட்டார்கள். அதே நாளில் வந்த வாழையைத்தான் அவர்களோடு பார்த்தேன். மாரி செல்வராஜ் தன் சின்ன வயதில் நடந்ததைச் சொன்ன படம். முதல் பாதி முழுக்கச் சிரிக்க வைத்து, கடைசியில் அந்த வாழைத்தார் லாரியைக் காட்டி எல்லாரையும் அழ வைத்துவிட்டார். சிரிப்பும் பாட்டும் இருந்ததால் கூட்டம் நின்றது. எனக்கும் பிடித்த படம்தான். ஆனாலும் ஒன்று ஓடியதைக் காட்டி இன்னொன்று தியேட்டருக்கே வந்திருக்கக்கூடாது என்று சிலர் பேசியதை என்னால் ஏற்க முடியவில்லை.

சத்தத்தைப் பற்றிப் பேசினால் சூர்யாவின் கங்குவாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. அத்தனை பேர் இரவு பகலாக உழைத்த படம். முதல் நாளே காது வலிக்கிறது என்று ஊரெல்லாம் புகார் எழுந்து, ஒலியை இரண்டு புள்ளி குறைத்து வைக்கும்படி தயாரிப்பாளரே தியேட்டர்களிடம் சொல்ல வேண்டி வந்தது. மெய்யழகனுக்கு நேர் எதிரான கஷ்டம். கார்த்தியும் அரவிந்த்சாமியும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசுகிற படம், பேச்சுத்தான் அதற்கு உயிர். நீளமாக இருக்கிறது என்று சொன்னதும், வந்த சில நாளிலேயே 18 நிமிஷத்தை வெட்டிவிட்டார்கள். கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்று இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. சொந்த ஊரைவிட்டுப் போன மனுஷன் ஒருத்தன் உறவுக்காரனின் வீட்டுத் திண்ணையில் மெல்ல மெல்ல இளகுகிறான். அதை அவசரப்படுத்தினால் அவன் எப்படி இளகுவான்?

பொறுத்தால் நடக்கும் என்பதற்கு லப்பர் பந்து இருக்கிறது. ஹரிஷ் கல்யாண், அட்டகத்தி தினேஷ், ஊர்க் கிரிக்கெட், மாமனாருக்கும் மருமகனுக்கும் நடுவில் ஈகோ. முதல் நாள் காலியாகக் கிடந்த இருக்கைகள் இரண்டாவது வாரத்தில் நிரம்பின. விஜயகாந்த் பாட்டு வந்தபோது மதுரைத் தியேட்டரில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2025 மே 1 அன்று சூர்யாவின் ரெட்ரோவோடு சேர்ந்து டூரிஸ்ட் ஃபேமிலி வந்தது. சசிகுமாரும் சிம்ரனும், இலங்கையிலிருந்து வந்த ஒரு குடும்பமும், ஒரு தெருவும்தான். பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே காட்சிகள் கூடின. கொட்டுக்காளிக்கு அந்த இரண்டாவது வாரம் கிடைத்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு இப்போதும் போகவில்லை.

தலைவன் தலைவி நம்ம ஊர்ப் பரோட்டாக் கடைக் குடும்பத்தின் கதை என்பதால் ஆசையோடு போனேன். நித்யா மேனனும் விஜய் சேதுபதியும் நடிப்பில் குறை வைக்கவில்லை. ஆனால் படம் முழுக்க ஆளாளுக்குக் கத்திக்கொண்டே இருக்கிறார்கள். மதுரைக்காரர்கள் கோபம் வந்தால் கத்துவோம், சரி. மற்ற நேரத்தில் எவ்வளவு அமைதியான ஊர் இது! விடியக்காலையில் சித்திரை வீதியில் நடந்தவர்களுக்குத் தெரியும். சினிமாவில் நம்ம ஊர் முன்னே அரிவாளோடு வந்தது, இப்போது தொண்டை கிழியக் கத்துகிறது. நம் பேச்சில் இருக்கிற நிதானத்தையும் நக்கலையும் பாசத்தையும் சேர்த்துப் பேச வருகிற நடிகர் நீங்கள்தான். ராஜாக்கூரில் பிறந்த ஆளுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

உங்கள் மற்ற படங்களையும் சொல்லிவிடுகிறேன். விடுதலை முதல் பாகத்தில் ஜீப் ஓட்டுகிற குமரேசனைப் பார்த்தபோதுதான், 2009-ல் வெண்ணிலா கபடி குழுவில் பரோட்டா சாப்பிட்ட ஆளுக்குள் இப்படி ஒரு நடிகர் காத்திருந்தது எங்களுக்குத் தெரிந்தது. இரண்டாம் பாகம் எனக்கு அந்த அளவு ஒட்டவில்லை. வாத்தியாராக வரும் விஜய் சேதுபதியின் பேச்சு நீண்டு, குமரேசன் ஓரமாகப் போய்விட்டான். கருடனில் சொக்கன் முதலாளிக்காகக் குனிந்தே இருந்து ஒரு கட்டத்தில் நிமிர்கிறானே, அந்த இன்டர்வெலுக்கு என் அம்மாவே விசில் அடித்தார். இரண்டாம் பாதியில் வெட்டுக்குத்து அதிகம்தான், ஆனால் சொக்கனின் விசுவாசம் நிஜமாக இருந்ததால் உட்கார முடிந்தது.

மாமன் கதையை நீங்களே எழுதினீர்கள் என்று படித்தேன். தாய்மாமன் உறவை நம்ம பக்கத்து ஆள் எழுதினால்தான் இவ்வளவு நுணுக்கம் வரும். காதுகுத்தில் மடியில் உட்காரவைக்கிற நாளிலிருந்து சீர் சுமக்கிற நாள் வரை ஒரு மாமனுக்கு எவ்வளவு கடமை! ராஜ்கிரண் வருகிற இடமெல்லாம் மனசு நிறைந்தது. என்றாலும் இரண்டாம் பாதியில் இசை எங்களை அழச்சொல்லி அதட்டிக்கொண்டே இருந்தது. நீங்களும் அந்தக் குழந்தையும் சும்மா நின்றிருந்தாலே நாங்கள் அழுதிருப்போம் அண்ணே. கொட்டுக்காளியில் அப்படி நிற்கக் கற்றவர் நீங்கள்.

மாமன் ஓட வேண்டும் என்று நம்ம ஊரில் சில பேர் மண் சோறு சாப்பிட்டதை நீங்கள் பகிரங்கமாகக் கண்டித்தீர்கள். இன்னொருவராக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டு வீடியோ போட்டிருப்பார். ரசிகர்களிடம் கோபப்படுகிற துணிவு இருக்கிற உங்களிடம் உரிமையோடு கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியதே அன்றைக்குத்தான்.

இனி, கேட்டதற்கு வழியும் சொல்ல வேண்டும். என் தாத்தா காலத்துத் தங்கம் தியேட்டர் 1952-ல் பராசக்தியோடு திறந்தது. 2,500 இருக்கைகளுக்கு மேல். அத்தனை இடத்தை நிரப்ப எப்பேர்ப்பட்ட படம் வேண்டும்! அதை இடித்துவிட்டதில் எனக்கும் துக்கம்தான். ஆனால் இப்போது ஒரே கட்டடத்தில் நாலைந்து சின்னத் திரைகள் இருக்கின்றன. கொட்டுக்காளி மாதிரிப் படத்துக்கு நூற்றைம்பது பேர் உட்கார்ந்தால் அது நிறைந்த அரங்கம். அதில் ஒரே ஒரு காட்சியை, அதுவும் மாலைக் காட்சியை, இரண்டு வாரத்துக்கு விட்டுத்தரச் சொல்லிக் கேளுங்கள். இப்படிப் படங்களுக்குக் காலை பதினொரு மணிக் காட்சியைக் கொடுத்துவிட்டு, கூட்டம் இல்லை என்கிறார்கள். வேலைக்குப் போகிற பெண்கள் பதினொரு மணிக்கு எப்படி வருவோம்?

டிக்கெட்டை 100 ரூபாய்க்குள் வைக்க முடியுமா என்றும் பேசிப்பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரைக்குமான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது, அதைத் தாண்டினால் 18. நாலு பேர் உள்ள வீட்டில் இந்த வித்தியாசத்தில்தான் படத்துக்குப் போவதா வேண்டாமா என்பதே முடிவாகிறது. ஓடிடிக்கு நாலு வாரம் போதாது, எட்டு வாரம் வேண்டும் என்று தியேட்டர்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெரிய படங்களுக்கு எப்படியோ, மெல்ல மெல்லப் பேர் பரவுகிற படங்களுக்காவது அது கிடைத்தால் நல்லது. உங்கள் சம்பள ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இதைச் சேர்க்க முடியுமென்றால் சேருங்கள்.

மதுரையோடு நிறுத்தாதீர்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலத்திலும் போடச் சொல்லுங்கள். கோடாங்கி வீட்டு வாசலில் நின்ற சின்னம்மாக்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

மண்டாடி படத்தில் பாய்மரப் படகுப் போட்டிக்காகக் கடலில் இறங்கியிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதை முதல் வாரமே பார்ப்போம், அம்மாவும் விசிலுக்குத் தயாராக இருக்கிறார். அது முடிந்த கையோடு வினோத்ராஜுக்கு ஒரு போன் போடுங்கள் அண்ணே.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி,
வில்லாபுரம், மதுரை.